மஞ்சள் குறியைக் கண்டு மயங்கலாமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவன்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. இக்காலத்தில் அதனோடு "கணிப்பொறிக்குப் புது மதர்போர்டு மாட்டிப் பார்" என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம். கடன் வாங்கியோ, சீட்டுப் பணம் எடுத்தோ ஒரு புதுப் பலகையை வாங்கி மாட்டுகிறோம். விசை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது. திரையில் ஒளி வருகிறது. மகிழ்ச்சி பொங்குகிறது. ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் பார்த்தால் ஒலி இல்லை, இணையம் இல்லை, எழுத்துகள் எல்லாம் பூதக் கண்ணாடியில் பார்ப்பது போல் பெருத்துத் தெரிகின்றன. "டிவைஸ் மேனேஜர்" என்னும் பட்டியலைத் திறந்தால் ஐந்தாறு இடங்களில் மஞ்சள் நிற முக்கோணமும் அதற்குள் ஓர் ஆச்சரியக் குறியும்! "டிரைவர் போடவில்லை" என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம்.

அறிவியல் பயிலும் மாணவர்கள் இப்படி ஓடத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதும், இந்த மஞ்சள் குறியைப் போக்கும் வித்தை நம் கல்லூரியில் செய்முறைப் பாடமாகவே அமைய வேண்டும் என்பதும் என் கருத்து. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் இதனைச் சற்றுப் பொறுமையுடன் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

டிரைவர் என்பவர் யார்?

டிரைவர் என்றதும் நமக்குப் பேருந்து ஓட்டுநர்தான் நினைவுக்கு வருவார். கணிப்பொறியின் டிரைவர் அத்தகையவர் அல்லர். அவரைத் துபாஷி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கம்பெனியார் காலத்துச் சென்னையிலும் புதுச்சேரியிலும் வெள்ளைக்கார வணிகருக்கும் நம் நாட்டு வணிகருக்கும் இடையே நின்று இருமொழியிலும் பேசியவர்கள் துபாஷிகள். புதுவை ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நாம் அறிவோம். துபாஷி இல்லாவிட்டால் துரை ஒரு பக்கம் பேசிக்கொண்டிருப்பார். வணிகர் ஒரு பக்கம் விழித்துக் கொண்டிருப்பார்.

விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமைகள்தாம் இங்கே துரை. மதர்போர்டில் பதித்த ஒலிச் சில்லு, இணையச் சில்லு, படச் சில்லு ஆகியவை வெவ்வேறு மொழி பேசும் வணிகர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துபாஷி தேவை. அந்தத் துபாஷி ஒரு சிறு நிரல், அதுவே டிரைவர். மஞ்சள் குறி என்பது "சில்லு இருக்கிறது, ஆனால் அதனோடு பேச எனக்கு ஆள் இல்லை" என்று துரை எழுதி வைத்த முறையீடே தவிர, பலகை கெட்டுவிட்டது என்பதற்கான சான்று அன்று. இந்த ஒன்றை அறிந்தாலே பாதி அச்சம் நீங்கிவிடும்.

புதுப் பலகைக்கு ஏன் இந்தத் தொல்லை?

பழைய கணிப்பொறியில் இல்லாத தொல்லை புதியதில் ஏன் வருகிறது? காரணம் எளியது. இயக்க முறைமை முதலில் பிறந்தது. பலகை பின்னால் பிறந்தது. தனக்குப் பின் பிறந்தவற்றின் மொழி அதற்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஓர் உதாரணம் கூறுவேன். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009-ஆம் ஆண்டு. யு.எஸ்.பி. 3.0-க்கான டிரைவர் அதில் இயல்பாக இல்லை. 2015-இல் இன்டெல் நிறுவனம் தன் ஆறாம் தலைமுறைச் செயலிகளையும் அவற்றுக்கான பலகைச் சில்லுகளையும் வெளியிட்டபோது, யு.எஸ்.பி. 2.0-வை நடத்தி வந்த பழைய கட்டுப்பாட்டு முறையை நீக்கிவிட்டது. விளைவு என்ன? புதுப் பலகையில் பழைய விண்டோஸ் 7-ஐ ஏற்றச் சென்றவர்களுக்கு, பயாஸ் திரையில் வேலை செய்த விசைப்பலகையும் மவுசும் நிறுவும் திரை வந்தவுடன் உயிரற்றுப் போயின. எத்தனையோ பேர் "போர்டு போய்விட்டது" என்று திருப்பிக் கொடுக்கச் சென்றார்கள். போனது போர்டு அன்று. துபாஷி வரவில்லை, அவ்வளவே.

இன்று அதே கதை வேறு வேடத்தில் நடக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய செயலிகள் பலவற்றை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே பழைய பெட்டியை வைத்துக்கொண்டே பலகையையும் செயலியையும் மட்டும் மாற்றுவோர் பெருகியுள்ளனர். அவர்கள் சந்திக்கும் முதல் தடை இணைய டிரைவர். விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு, நிறுவும்போதே "இணையத்தில் சேர்" என்கிறது. இணையத்தில் சேர இணைய டிரைவர் வேண்டும். டிரைவரை எடுக்க இணையம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்! முன்பெல்லாம் பலகையோடு ஒரு குறுந்தகடு வரும். இன்று பல பெட்டிகளில் அதுவும் இல்லை. இருந்தாலும் அதைப் போட்டுப் படிக்கும் கருவி நம்மிடம் இல்லை.

இரண்டாவது தடை, நிறுவும் திரையில் வட்டே தெரியாமல் போவது. இன்டெல்லின் பதினொன்றாம் தலைமுறை முதல் பல கணிப்பொறிகளில், குறிப்பாக மடிக்கணினிகளில், "வி.எம்.டி." என்னும் சேமிப்பு ஏற்பாடு இயங்குகிறது. அதற்குரிய டிரைவரைக் கொடுக்காவிட்டால் புத்தம் புதிய எஸ்.எஸ்.டி. கூடக் கண்ணுக்குத் தெரியாது. "எஸ்.எஸ்.டி. டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன், அதே திரையில் உள்ள "லோடு டிரைவர்" என்னும் பொத்தானுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் அல்லவா?

நோய் நாடும் முறை

இனி இத்தொல்லையைத் தீர்க்கும் வழியைப் பார்ப்போம். இதற்குப் பெரிய மேதை தேவையில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் நமக்குக் கற்பிக்கப்படும் ஒழுங்கு போதும்.

முதலாவது, உற்று நோக்கல். மஞ்சள் குறியிட்ட பெயரின் மீது இருமுறை சொடுக்கினால் ஓர் எண் வரும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனம் இயங்கத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் சாதனம் தானே கோளாறு கூறியதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை. நான்கும் நான்கு நோய்கள். எல்லாவற்றுக்கும் "பார்மட் அடித்தல்" என்ற ஒரே மருந்தைக் கொடுப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும்.

இரண்டாவது, அடையாளம் காணல். "தெரியாத சாதனம்" என்று விண்டோஸ் கையை விரித்தாலும் அச்சில்லு தன் பெயரைச் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறது. பட்டியலின் உள்ளே "ஹார்டுவேர் ஐ.டி." என்னும் பகுதியில் தயாரித்த நிறுவனத்துக்கு ஓர் எண்ணும், சாதனத்துக்கு ஓர் எண்ணும் இருக்கும். நிறுவன எண் 8086 என்றால் அது இன்டெல். 1978-இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற செயலியின் எண்ணையே அந்நிறுவனம் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. 1022 என்றால் ஏ.எம்.டி. இவ்விரு எண்களையும் தேடிப் பார்த்தால் சில்லு எது என்பது தெரிந்துவிடும். சில பெயர்களைப் பழக்கத்தாலேயே அறியலாம். "எஸ்.எம். பஸ் கன்ட்ரோலர்" என்றிருந்தால் சிப்செட் டிரைவர் இல்லை என்று பொருள். "பி.சி.ஐ. சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்" என்றிருந்தால் இன்டெல் பலகைகளில் அது பெரும்பாலும் மேனேஜ்மென்ட் எஞ்சின். பெயரைப் பார்த்து அதை மோடம் என்று எண்ணித் தேடி அலைவோர் பலர்.

மூன்றாவது, ஒப்பீட்டுச் சோதனை. இதுவே இவற்றுள் தலையாயது. லினக்ஸ் உள்ள பென் டிரைவ் ஒன்றைச் செருகி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கிப் பாருங்கள். அங்கே ஒலி வந்தால் சில்லும் நலம், கம்பியும் நலம். விண்டோஸ் டிரைவரில்தான் குறை. அங்கும் வராவிட்டால் உடனே பலகையைப் பழிக்காமல், பெட்டியின் முன்புறத்து ஒலிக் கம்பி பலகையில் செருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அதேபோல், செயலியின் பெயர் "எப்" என்னும் எழுத்தில் முடிந்தால் இன்டெல் செயலிகளில் படச் சில்லு இயங்காது. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பலகையின் எச்.டி.எம்.ஐ. துளையில் எந்த டிரைவரைப் போட்டும் படம் வராது. டிரைவர் குற்றம் எது, டிரைவர் குற்றம் அல்லாதது எது என்று பிரித்தறிவதே இக்கலையின் உயிர்நாடி.

நான்காவது, வரிசை. முதலில் சிப்செட், பிறகு இணையம், பிறகு படம், ஒலி, மற்றவை என்று ஒவ்வொன்றாகப் போட்டு, போட்டபின் மறுமுறை இயக்கிப் பார்த்து, அதன்பின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஐந்தையும் ஒருசேரப் போட்டுவிட்டு நீலத்திரை வந்தால், குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது எங்ஙனம்? ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று ஆசிரியர் சொல்வது இதற்காகத்தானே!

டிரைவரை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். பலகையின் மேல் அச்சிட்ட மாதிரிப் பெயரையும், அருகில் சிறிதாக உள்ள திருத்த எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஒரே பெயருள்ள பலகையில் திருத்தம் மாறினால் இணையச் சில்லே மாறியிருக்கக் கூடும். "எல்லா டிரைவரும் ஒரே மூட்டையில் இலவசம்" என்று அழைக்கும் தளங்களில் டிரைவரோடு வேண்டாத விருந்தாளிகளும் வந்து குடியேறுவார்கள்.

இணையம் இல்லாமல் எப்படி எடுப்பது என்பீர்கள். கையிலே வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்? நம் எல்லோரிடமும் செல்பேசி இருக்கிறது. ஆண்ட்ராய்டு செல்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து "டெதரிங்" என்பதை இயக்கினால், அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் முன்பே இருப்பதால், பெரும்பாலும் அப்பொழுதே இணையம் வந்துவிடும். அல்லது செல்பேசியிலேயே டிரைவரை இறக்கிப் பென் டிரைவுக்கு மாற்றிக் கொள்ளலாம்.

ஐந்நூறு ரூபாயின் எடை

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு எங்கள் பழைய கணிப்பொறிக்குப் புதுப் பலகை வாங்கியபோது, டிரைவர் போட்டுத் தர ஒரு கடையில் கேட்ட கூலி 500 ரூபாய். அது அவருடைய ஒரு நாள் உழைப்பில் பெரும்பகுதி. பட்டாபிராம், திருநின்றவூர், திருமழிசைப் பக்கங்களிலிருந்து வரும் நம் தோழர்கள் பலரின் வீட்டுக் கணக்கும் இதுதான். ரிச்சி தெருவுக்குப் பெட்டியைத் தூக்கிச் செல்ல வேண்டுமானால் ஆவடியில் மின்தொடர் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, கூட்டத்தில் அதைக் காத்து நடந்து, ஒரு நாள் வகுப்பையும் இழக்க வேண்டும்.

கடைக்காரரை நான் குறை கூறவில்லை. அவர் தம் அறிவுக்கு விலை கேட்கிறார், அது நியாயம். ஆனால் அந்த அறிவு அரை மணி நேரத்தில் கற்கக் கூடியது. மூன்றாண்டுகள் அறிவியல் படிக்கும் நமக்கு அது ஏன் கிட்டவில்லை என்பதே என் கேள்வி.

மறுப்புரைகளுக்கு விடை

"இது மெக்கானிக் வேலை, பட்டம் படிப்பவனுக்கு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. என் தந்தையார் சக்கில் ஜாபை மாட்டியதும் டயல் வைத்து ஓட்டம் பார்க்காமல் டூலை அருகில் கொண்டு போக மாட்டார். அவர் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். அந்தச் சோதனை மனப்பான்மைக்கும் நம் செய்முறைத் தேர்வுக்கும் என்ன வேற்றுமை? கையால் செய்வது தாழ்ந்தது, ஏட்டில் எழுதுவது உயர்ந்தது என்ற எண்ணம் தொழிலாளர் பிள்ளைகளாகிய நம்மிடமே புகுந்துவிட்டால், நாம் பெறும் பட்டம் நம்மை நம் வீட்டிலிருந்தே பிரித்துவிடும்.

"இப்போது எல்லாம் தானாகவே நடக்கிறது, விண்டோஸ் அப்டேட் டிரைவரைத் தேடிப் போட்டுக்கொள்கிறது" என்று கூறுவோரும் உண்டு. இதில் பேருண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. முன்பு அட்டைகளில் சிறு ஊசிகளை இடம் மாற்றி அமைத்த காலம் போய், 1995-இல் விண்டோஸ் 95 வந்ததிலிருந்து இப்பணி ஆண்டுக்காண்டு எளிதாகி வந்திருக்கிறது. ஆனால் தானாக நடப்பது நடக்காமல் போகும் நாளில்தான் அறிந்தவன் தேவைப்படுகிறான். 2024 ஜூலை 19-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தானாகப் போய்ச் சேருமாறு அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, அதைப் படித்த டிரைவரை நிலைகுலைய வைத்தது. உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாப்ட் கணக்குக் கூறியது. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். அவற்றுள் எண்ணற்ற கணிப்பொறிகளின் முன் ஒருவர் உட்கார்ந்து, பாதுகாப்பு முறையில் இயக்கி, அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அன்று உலகம் தேடியது, இயந்திரத்தின் முன் பதறாமல் உட்காரத் தெரிந்த மனிதனைத்தான்.

டிரைவர் அற்பப் பொருள் அன்று என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், ஜெராக்ஸ் நிறுவனம் தந்த அச்சுப்பொறியில் அடிக்கடி காகிதம் சிக்குவதைக் கண்டு, அதை நடத்தும் நிரலைத் திருத்த விரும்பினார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு அவர் உள்ளத்தில் தைத்தது. 1983-இல் அவர் அறிவித்த க்னூ திட்டமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் சேர்ந்து இன்று உலகின் பெரும் கணிப்பொறிகளை நடத்துகின்றன. ஓர் அச்சுப்பொறியின் பழுதை "நமக்கென்ன" என்று விடாத மனிதரால் விளைந்தது இது.

நாம் செய்ய வேண்டியது

2011 செப்டம்பர் 15-ஆம் நாள் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. எல்காட் வழியே வந்த அக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணன்மார், அக்காமார் வீடுகளில் அவற்றுள் சில இன்றும் பரண்மேல் கிடப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். யாரோ புது விண்டோஸ் ஏற்றியிருப்பார்கள், வைபை வராது, அதோடு மூடி வைத்திருப்பார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். அரசு கருவியைத் தரலாம். அது பரணுக்குப் போகாமல் காக்கும் அறிவை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, நூலகத்தில் இரண்டு பென் டிரைவுகள் இருக்கட்டும். ஒன்றில் நேரடியாக இயங்கும் லினக்ஸ். மற்றொன்றில் பரவலாக உள்ள பலகைகளுக்கான இணைய டிரைவர்கள். நூல் இரவல் தருவது போலவே இவற்றையும் ஓரிரவு இரவல் தரலாம். இரண்டு, ஒரு பதிவேடு. பலகையின் பெயர், கண்ட குறை, பிழை எண், செய்த சோதனை, தீர்ந்த விதம் ஆகிய ஐந்து கட்டங்களில் மாணவர்கள் தமிழிலேயே எழுதி வைக்கட்டும். இவ்வறிவு நம்மவர்க்கு எட்டாதிருப்பதற்கு அது ஆங்கிலத்தில் மட்டுமே கிடப்பதும் ஒரு காரணம். மூன்று ஆண்டுகளில் அப்பதிவேடு எந்தப் பாடநூலுக்கும் குறையாத நூலாகிவிடும். மூன்று, எல்லாப் பி.எஸ்சி. மாணவர்க்கும் பருவத்துக்கு இரண்டே இரண்டு செய்முறை வகுப்புகள். "ரிப்பேர்" என்று தாள் ஒட்டி மூலையில் வைத்திருக்கும் பெட்டிகளே அதற்குக் கருவிகள். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. தனிக் கட்டடம் வேண்டியதில்லை. பாடத்திட்டக் குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், அலுவலகங்களில் அமர்வோம். நாம் போகுமிடமெல்லாம் ஒரு கணிப்பொறி இருக்கும். என்றாவது ஒரு நாள் அதில் மஞ்சள் குறி தோன்றும். அப்போது சுற்றியிருப்போர் "யாரைக் கூப்பிடலாம்?" என்று கேட்பார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன எண் வருகிறது, பார்ப்போம்" என்று சொல்லத் தெரிந்தவர்களாக நாம் இக்கல்லூரியை விட்டு வெளியே செல்வோமாக!